மந்தமான கைத்தொலைபேசியும் அறுந்துபோகும் அலையும்

அமிர்தகழியிலும் அயற்கிராமங்களிலும் கைத்தொலைபேசி இன்று செல்வத்தின் அடையாளமன்று. கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கும் மகளின் முகத்தைத் தாய் காண்பது அதிலேதான். பிள்ளை பாடக் குறிப்புகளைப் பெறுவதும், வாவியில் பிடித்த இறாலுக்கு விலை கேட்பதும் அதிலேதான். ஆகவே அது மந்தமானாலும், அலை அறுந்து அறுந்து வந்தாலும் வீட்டில் கலக்கம் உண்டாகிறது. நகையை அடகு வைத்துப் புதியது வாங்குவோர் உண்டு. கடையிற் கொடுத்துவிட்டு, உள்ளிருந்த படங்கள் அனைத்தையும் இழந்து திரும்புவோரும் உண்டு. இவ்விரண்டும் பெரும்பாலும் தவிர்க்கக் கூடியவை. பழுது எங்கே இருக்கிறது என்று படிப்படியாக அறியும் முறையையே இங்கு நோக்குகிறோம்.

முதலில் மந்தத்தை எடுத்துக்கொள்வோம். தொலைபேசியின் நினைவகத்தில் பழைய எழுத்தின் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு பகுதியை முழுவதும் அழித்த பின்னரே அங்கு மீண்டும் எழுதலாம். இடம் தாராளமாக இருக்கும்வரை இவ்வேலை நமக்குத் தெரியாமலே நடைபெறும். நிறைந்துவிட்டாலோ, கூரைவரை நெல் மூட்டை அடுக்கிய களஞ்சியத்தில் ஒரு மூட்டையை எடுக்கப் பத்து மூட்டைகளை இடம் மாற்றுவது போலாகிவிடும். ஆகவே அமைப்புகளில் ‘சேமிப்பகம்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது வெறுமையாக இருத்தல் நன்று. இடத்தை நிரப்புபவை எவை? பெரும்பாலும் வட்ஸ்அப் குழுக்களில் காலைதோறும் வந்து குவியும் வாழ்த்துப் படங்களும் வீடியோக்களுமே. (பங்குக் குழுக்களும் இதற்கு விலக்கல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.) வட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பு பற்றிய பகுதியிற் பெரிய கோப்புகளை ஒருங்கே கண்டு அழிக்கலாம். படங்கள் தாமாகவே இறங்குவதையும் அங்கேயே நிறுத்தலாம்.

தொலைபேசியை வேகமாக்குவதாகக் கூறும் ‘சுத்திகரிப்பு’ச் செயலிகளை நம்ப வேண்டாம். அவற்றுட் பல தாமே பின்னணியில் ஓடி, விளம்பரங்களைக் காட்டி, உள்ள வேகத்தையும் குறைப்பவை. திறந்த செயலிகளையெல்லாம் நிமிடத்துக்கொரு முறை தள்ளி மூடுவதும் வீண் வேலையே. தேவையானபோது தொலைபேசி தானே அவற்றை மூடிக்கொள்ளும். அதைவிட, இடைக்கிடை முழுவதுமாக நிறுத்தி மீண்டும் இயக்குவது பயன் தரும்.

இடம் இருந்தும் மந்தமானால் பற்றரியைச் சந்தேகிக்கலாம். இது பலருக்குத் தோன்றாத காரணம். 2017 டிசம்பரில் அப்பிள் நிறுவனம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவ்வாண்டு ஜனவரியில் வெளியிட்ட மென்பொருள் மூலம், பற்றரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்து வந்ததாக அது கூறியது. தேய்ந்த பற்றரி திடீரென மிகுந்த மின்சாரத்தைக் கொடுக்க இயலாமல் தொலைபேசி அணைந்துபோவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாம். காரணம் நியாயமானதே; பாவனையாளருக்குச் சொல்லாமல் விட்டதுதான் குற்றம். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. 2020-இல் பிரான்ஸ் 250 இலட்சம் யூரோ அபராதமும் விதித்தது. பற்றரியை மாற்றியதும் அத்தொலைபேசிகள் பழைய வேகத்தைப் பெற்றன. ஆகவே, பற்றரி விரைவில் இறங்கி, 20 அல்லது 30 வீதத்திலேயே தொலைபேசி அணைந்தும் போகுமாயின், புதியது வாங்குமுன் பற்றரியை மாற்றிப் பார்ப்பதே சிக்கனம்.

இனி அலைக்கு வருவோம். அலை வரவில்லை என்றால் பழுது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கலாம்: தொலைபேசி, வீட்டு ரவுட்டர், அல்லது நிறுவனத்தின் வலையமைப்பு. முதலில் இதைப் பிரித்தறிய வேண்டும். அதே வைபையில் வீட்டிலுள்ள இன்னொரு தொலைபேசி நன்றாக வேலை செய்கிறதா? செய்தால் பழுது உங்கள் தொலைபேசியில். இரண்டும் வேலை செய்யாவிட்டால் வைபையை நிறுத்தி, சிம்மின் டேட்டாவில் முயலுங்கள். அதில் வந்தால் குறை ரவுட்டரில், அல்லது அதற்கு வரும் இணைப்பில். பொதி தீர்ந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். சில பொதிகளில் தரவின் ஒரு பகுதி இரவு நேரத்துக்கு மட்டுமே உரியது.

பழுது தொலைபேசியில் எனத் தெரிந்தால் விமான நிலையை அரை நிமிடம் போட்டு எடுங்கள். அது கோபுரத்தோடு புதிதாகத் தொடர்பு கொள்ளும். வைபையானால், அந்த இணைப்பை மறக்கச் செய்து கடவுச்சொல்லை மீண்டும் இடுங்கள். திகதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். திகதி பிழையானால், பாதுகாப்பான இணையத்தளங்கள் தம் அத்தாட்சிப் பத்திரம் செல்லாதெனக் கண்டு திறக்க மறுக்கும்.

ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குப் பின்னாலும் மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் வைப்பவர் பலர். உலோகம் அலையைத் தடுக்கும். நீர் அதை உறிஞ்சும். அலையின் நீளம் குறையக் குறைய அது ஒளியைப் போல நேராகச் செல்லும் இயல்பைப் பெறுகிறது. 1933-இல் மார்க்கோனி வத்திக்கானுக்கும் பாப்பரசரின் கோடை வாசஸ்தலமான காஸ்தெல் கந்தோல்போவுக்கும் இடையே அமைத்த தொலைபேசித் தொடர்பில் அலையின் நீளம் ஏறத்தாழ அரை மீற்றர். நம் வீட்டு வைபையில் 2.4 கிகாஹேட்ஸ் அலை 12 சென்றிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலானது. 5 கிகாஹேட்ஸ் அலை அதிலும் பாதி. பின்னையது வேகமானது, ஆயினும் சுவரைக் கடக்க முன்னையதே மேல். இரண்டு பெயரில் வைபை தெரியுமானால் அறைக்குள் 5-ஐயும், முற்றத்தில் 2.4-ஐயும் பயன்படுத்துக. ரவுட்டரை வீட்டின் நடுவே உயரமாக வைக்கவும். சிம் போடும் 4ஜி ரவுட்டராயின் கோபுரம் உள்ள பக்கத்து யன்னலோரம் நல்லது. தகரக் கூரை வீட்டுக்குள் அலை குறைவதற்குத் தொலைபேசி பொறுப்பல்ல.

கோடுகள் நிறைந்திருந்தும் ஒன்றுமே திறக்கவில்லை என்பது மற்றொரு முறைப்பாடு. ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தக்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். கோடுகள் அலையின் பலத்தை மட்டுமே காட்டும். அதே கோபுரத்தை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்பதைக் காட்டா. வாவித் துறையில் பாதை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏற நிற்கும் கூட்டமோ கணக்கற்றது. அத்தகைய நேரத்தில் அமைப்புகளை மாற்றிப் பயனில்லை. வீடியோ அழைப்பை விட்டுக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

எல்லாம் செய்தும் சரிவராதபோது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் ‘ரீசெற்’ ஒன்றே மிஞ்சும். கடைக்காரர் பலர் இதையே முதலிற் செய்கின்றனர். 2004 டிசம்பர் 26-இல் நாவலடியிலும் கல்லடியிலும் கடல் வீடுகளோடு படங்களையும் கொண்டுபோனது. இறந்த பிள்ளையின் ஒரு படமும் மிஞ்சாத தாய்மார் நம்மிடையே இருக்கின்றனர். இன்று அத்தகைய படங்கள் இருப்பது இத்தொலைபேசிகளிலேதான். ஆகவே கடையிற் கொடுக்குமுன் அவற்றை ஒரு கணனிக்கோ வேறொரு நினைவட்டைக்கோ பிரதி செய்யுங்கள். வட்ஸ்அப் உரையாடல்களுக்குத் தனியாகப் பிரதி எடுக்க வேண்டும். அன்றோயிட் தொலைபேசி ‘ரீசெற்’ செய்தபின் முன்பிருந்த கூகிள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும். அது தெரியாவிடின் உரிமையாளரே உள்ளே நுழைய முடியாது. நம் பெரியவர்கள் பலரின் கணக்கைத் திறந்து கொடுத்தவர் கடைக்காரரோ, இப்போது வெளிநாட்டிலுள்ள மகனோதான். அந்தக் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் மகனிடம் இந்த வாரமே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்களோடு அலுமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.