பழந்தேறலைச் சுவைத்தறிதல்

ஆரியசாலையைத் திருவனந்தபுரத்துத் தமிழ் மாணவர்களுக்கு யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. நவராத்திரி தோறும் நாஞ்சில் நாட்டு வேளிமலையிலிருந்து புறப்பட்டு வரும் குமாரசுவாமி தங்குவது இங்குள்ள தேவி கோயிலில்தான். நமக்கு முன்பே இவ்வூருக்கு வந்து தங்கத் தொடங்கிய தமிழர் அவர் என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. சாலைக் கடைத்தெரு வழியாக அங்கே நடந்து செல்பவர்களுக்குக் கண்ணைவிட மூக்கிற்குத்தான் வேலை மிகுதி. வெல்லம், உலர்ந்த திராட்சை, ஏலம், திப்பிலி என ஒவ்வொன்றும் தன் மணத்தால் தன்னைத் தெரிவிக்கிறது. இந்நான்கும் ஒரே பானையில் சேர்ந்து, வாய் மூடப்பட்டு, ஆண்டுக்கணக்கில் இருந்தால் என்ன ஆகும்? அதைக் குடித்துப் பார்த்தா, முகர்ந்து பார்த்தா நல்லது கெட்டது அறிவது? இதுவே இக்கட்டுரையின் பொருள்.

மேனாட்டார் பழைய செந்திராட்சை மதுவையும், உணவின் முடிவில் பருகும் இனிப்பு மதுவையும் சுவைத்து மதிப்பிடுவதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றனர். அதைக் கற்க நாம் மதுக்கடைக்குச் செல்ல வேண்டுமோ என அஞ்ச வேண்டா. கேரளத்தில் 23 வயது நிரம்பாதவர் மது அருந்தச் சட்டம் இடம் தருவதில்லை. நம்மில் பலர் அந்த வயதை எட்டாதவர்கள். ஆனால் செந்நிறமும் இனிப்பும் முதுமையும் கூடிய ஒரு திராட்சைத் தேறல் நம் வீட்டு அலமாரியிலேயே மருந்து என்ற பெயரில் இருக்கிறது. அதுதான் திராட்சாரிஷ்டம்.

ஆசவம், அரிஷ்டம் என்னும் இரண்டையும் சார்ங்கதர சம்ஹிதை பிரித்துக் காட்டுகிறது. மருந்துச் சரக்கைக் காய்ச்சாமல் நீரிலிட்டுப் புளிக்க வைத்தால் ஆசவம்; கஷாயமாக்கிப் புளிக்க வைத்தால் அரிஷ்டம். திராட்சாரிஷ்டத்துக்கு அந்நூல் கூறும் அளவு வியப்பானது. திராட்சை 50 பலம். அதை நீரில் காய்ச்சி நான்கில் ஒரு பங்காக வற்ற வைத்த பின் சேர்க்கும் வெல்லமோ 200 பலம்! ஆகவே பெயர் திராட்சைக்கு, உழைப்பு வெல்லத்துக்கு. இலவங்கப்பட்டை, ஏலம், சிறுநாகப்பூ, மிளகு, திப்பிலி, வாய்விடங்கம் முதலியவை பலம் பலமாகச் சேர்கின்றன. கஷாயம் காய்ச்சும்போது நொதிகள் மடிந்துவிடும் அல்லவா? பின் எப்படிப் புளிக்கிறது? பெரும்பாலான அரிஷ்டங்களில் இந்த வேலையைச் செய்வது தாதகிப்பூ. மலையாளத்தார் அதைத் தாதிரிப்பூ என்பர். அந்தச் சிவந்த பூவில் தேனும் உண்டு, துவர்ப்பும் உண்டு, காட்டிலிருந்தே ஒட்டி வந்த நொதியும் உண்டு. புளிப்பு நடக்கும்போது கலத்தில் காதை வைத்தால் சலசலப்புக் கேட்கும். எரியும் தீக்குச்சியை வாயருகே காட்டினால் கரிவளி அதை அணைத்துவிடும். ஓசை அடங்கி, தீக்குச்சியும் அணையாமல் நின்றால் புளிப்பு முடிந்தது என்று கொள்வர்.

இனி முதுமைக்கு வருவோம். புது மது கனமானது, பழையதே இலேசானது, பசியைத் தூண்டுவது என்று சரகர் கூறுகிறார். ஆசவங்கள் பழமையால் குணம் மிகும் என்பது சார்ங்கதரர் கருத்து. நம் தமிழ்ச் சான்றோரும் இதில் பின்தங்கியவர் அல்லர். மூங்கிற் குழாயில் பெய்து முதிர்வித்த தேறலை மலைபடுகடாம் கூறுகிறது. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் புறநானூற்று 56ஆம் பாட்டில் சொல்கிறார். அந்த யவனர் சாடிகளின் உடைசல்களை 1945இல் அரிக்கமேட்டிலும், 2007 முதல் நம் கேரளத்துப் பட்டணத்திலும் தோண்டி எடுத்திருக்கின்றனர். தேறல் என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். தேறுதல் என்றால் தெளிதல். மண்டி கீழே தங்க, மேலே தெளிந்து நிற்பதே தேறல். மதிப்பிடும் முதற்சோதனையைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

அந்தச் சோதனையிலிருந்தே தொடங்கலாம். புட்டியை ஒரு நாள் அசைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பிறகு வாய் குறுகிய சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி அளவு மெல்லச் சாய்த்து ஊற்றி, வெள்ளைத்தாளின் மேல் பிடித்துப் பாருங்கள். இளம் திராட்சை மது ஊதா கலந்த சிவப்பு. முதிர முதிரச் செங்கல் நிறம். பின் ஓரத்தில் பழுப்பு. திராட்சைத் தோலின் நிறப்பொருளும் துவர்ப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, அடியில் படிவதே இதற்குக் காரணம். வெல்லம் சேர்ந்த அரிஷ்டமோ பிறக்கும்போதே பழுப்பு. ஆகையால் அதன் வயதை நிறம் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. தெளிவு கொண்டு சொல்லலாம். அடியில் மண்டி இருப்பது குற்றமன்று. முழுதும் கலங்கி நிற்பதும், மேலே ஆடை படர்ந்திருப்பதுமே குற்றம். கிண்ணத்தின் உட்புறம் வழியும் துளிகளைக் கண்டு தரத்தைச் சொல்வோரும் உளர். அது ஆல்கஹால் ஆவியாவதன் விளையாட்டு, தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்தது மூக்கு. இங்கேதான் நாம் நெடுநேரம் நிற்க வேண்டும். கிண்ணத்தை அசைக்காமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். புதிய அரிஷ்டத்தில் சரக்குகள் தனித்தனியே கூச்சலிடும்: இது ஏலம், இது பட்டை, இது வெல்லப்பாகு என்று விரல்விட்டு எண்ணலாம். நன்கு முதிர்ந்ததில் அவை கலந்து ஒரே மணமாகின்றன. மேனாட்டுப் பழைய இனிப்பு மதுக்களில் வேறொரு மணமும் எழும். வாதுமைக் கொட்டை, உலர்ந்த அத்தி, எரித்த சர்க்கரை என்று அவர்கள் எழுதுவார்கள். அதற்குக் காரணமான பொருள்களுள் ஒன்று சோட்டலோன். நமக்கு அது புதியதன்று. நம் வெந்தயத்தின் மணமே அதுதான். பழைய போர்ட்டிலும் மடீராவிலும் இருக்கும் அதே பொருளைப் பழைய கருப்பஞ்சர்க்கரையிலும் கண்டிருக்கிறார்கள். மேனாட்டார் நூற்பெயர்களைத் தேடி எழுதும் மணத்தை நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தே அறிந்திருந்தனர்!

மூக்கு செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது, அதுவே தலையானது. புளிப்பு இரு வகை. புளியம்பழத்தின் புளிப்பு ஒன்று. காடியின் புளிப்பு மற்றொன்று. புளியிலும் திராட்சையிலும் இருப்பது டார்டாரிக் அமிலம். அதற்கு மணமில்லை, நாவுக்கு மட்டுமே தெரியும். காடியில் இருப்பது அசெட்டிக் அமிலம். அது மூக்கைக் குத்தும். முன்னது தேறலுக்கு உயிர். பின்னது மிகுந்தால் நோய். இனிப்பு மதுவில் இதை நாவிடம் கேட்டால் நாவு ஏமாந்துவிடும். ஐயமிருந்தால் ஓர் எலுமிச்சையைப் பிழிந்து இரு குவளைகளில் பாதி பாதியாக நீரில் விட்டு, ஒன்றில் மட்டும் நான்கு தேக்கரண்டி சர்க்கரை போட்டுச் சுவைத்துப் பாருங்கள். இரண்டிலும் அமிலம் ஒரே அளவு; ஆனால் நாவு அப்படிச் சொல்லாது. இனிப்பு குற்றத்தை மறைக்கும். மூக்கு மறைக்க விடாது.

நாவின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சில துளிகளை வாயில் புரட்டி உமிழ்ந்துவிடுங்கள். துவர்ப்பு எச்சிலின் புரதத்தைப் பற்றி வாயை உலர்த்தும்; கடுக்காய் கடித்தவர்களுக்குத் தெரியும். புதியதில் அது சொரசொரக்கும், முதிர்ந்ததில் பட்டாகும். உமிழ்ந்த பின் எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது, கடைசியில் எஞ்சுவது இனிப்பா, திப்பிலியின் கார்ப்பா என்று கவனியுங்கள். வெற்றிலை, காப்பி ஆகியவற்றுக்குப் பின் இதைச் செய்யலாகாது. மேனாட்டு நூல்கள் 'அறை வெப்பம்' என்று சொல்வது அவர்கள் அறையின் 18 பாகையை. நம் அறையின் 30 பாகையில் ஆல்கஹாலே முதலில் எழுந்து மற்ற மணத்தை மூடிவிடும். புட்டியைச் சிறிது நேரம் ஈரத்துணியில் சுற்றி வைப்பது நல்லது.

இவ்வளவும் எதற்கு? நான் தங்கியிருக்கும் வீட்டு ஆச்சி நாஞ்சில் நாட்டவர். பாதி தீர்ந்த திராட்சாரிஷ்டப் புட்டி ஒன்றை இரண்டு ஆண்டுகளாக அடுக்களை மேடையில் வைத்திருந்தார். பேத்தி பிரசவத்துக்கு வரும்போது கொடுக்க வேண்டுமாம். "பழசாக ஆக வீரியம் கூடும் மக்களே" என்றார். திறந்து முகர்ந்தேன். காடி! நாவில் வைத்தால் இனிப்புத்தான்.

ஆச்சி சொன்னது நூல்களும் சொன்னதே. ஆனால் நூல்கள் சொல்லும் பழமை மூடிய கலத்தின் பழமை. நெய் தடவிய கலத்தில் இட்டு, துணியும் மண்ணும் கொண்டு வாயை அடைத்து, நெற்குவியலில் புதைத்தார்கள். பின்னாளில் பளபளப்பான பரணிகள் வந்தன. எல்லாம் காற்றைத் தடுக்கவே. போர்ட்டின் கதையைப் பாருங்கள். புளிப்பின் நடுவிலேயே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவதால் அதில் இனிப்பும் தங்குகிறது, ஆல்கஹாலும் 20 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. அவ்வளவு ஆல்கஹாலில் காடிக் கிருமி வளராது. மடீராவோ கப்பலில் வெப்ப மண்டலத்தைக் கடந்ததால் சுவை பெற்றது; இன்றும் வேண்டுமென்றே சூடேற்றப்படுவது; காற்றும் வெப்பமும் அதற்குப் பழகியவை. நம் அரிஷ்டத்தில் தானாக விளையும் ஆல்கஹால் பொதுவாக 12 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. மூடியைத் திறந்த நாள்முதல் காற்றும் கிருமியும் உள்ளே வேலை செய்கின்றன. திருவனந்தபுரத்து வெப்பம் அவற்றுக்குத் துணை. மூடிய புட்டிக்கே இன்றைய மருந்து விதிகள் எல்லை வகுத்திருக்கின்றன. பாதிப் புட்டிக்கு என்ன சொல்வது?

மகப்பேற்றுக்குப் பின் அரிஷ்டம் கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும்; இவ்வூரில் 1889இல் ஆயுர்வேத பாடசாலையாகத் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. ஆல்கஹாலும் சர்க்கரையும் உள்ள பொருள் என்பதை மறக்கலாகாது. ஆச்சிக்கு நான் செய்து காட்டியது வேறு. ஆரியசாலையிலிருந்து புதுப் புட்டி ஒன்று வாங்கி வந்து, இரண்டு கிண்ணத்திலும் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு முகரச் சொன்னேன். ஒருமுறைதான் முகர்ந்தார். பழைய புட்டியைத் தாமே எடுத்துச் சென்று முற்றத்து வாழைக்கு ஊற்றினார். புதிய புட்டியின் கழுத்தில் இப்போது ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. திறந்த நாளை அதில் எழுதச் சொல்லியிருக்கிறார்.