வை-பை அடப்டரை மாற்றினால் இணைய வேகம் கூடுமா?



தரவுத் தொடர்பாடல் பகுதியில் "வலையமைப்பு இடைமுக அட்டை" பற்றிப் படித்திருப்பீர்கள். மடிகணினியில் செருகும் சிறிய வை-பை அடப்டரும் அந்த அட்டையின் ஒரு வகையே. வடத்துக்குப் பதிலாக வானொலி அலையைப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். இணையம் மெதுவாக இருந்தால் மாணவர்கள் பலர் முதலில் கேட்பது இதைத்தான்: "அப்பா, புது அடப்டர் ஒன்று வாங்கித் தாருங்கள்." 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது இறக்குமதிக் கணினிப் பாகங்களின் விலை எவ்வளவு ஏறியது என்பதை வீட்டில் எல்லோரும் அறிவர். ஆகவே காசு கேட்பதற்கு முன், பாடத்தில் படித்ததை வைத்தே விடை காண்போம்.

தரவு வரும் வழி

நீங்கள் திறக்கும் கடந்தகால வினாத்தாள் ஒரு சேவையகத்தில் உள்ளது. அது இணையச் சேவை வழங்குநரிடம் வந்து, அங்கிருந்து செப்புக் கம்பி, ஒளியியல் நார் அல்லது 4ஜி அலை மூலம் வீட்டு றவுட்டரை அடைகிறது. றவுட்டரிலிருந்து காற்றினூடாக அடப்டருக்கும், அடப்டரிலிருந்து கணினிக்கும் செல்கிறது. இவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்ட பகுதிகள். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் குழாய்த் தொடரில் ஒரு துண்டு மட்டும் அரை அங்குலமாக இருந்தால், மற்றவை இரண்டு அங்குலமாக இருந்தும் வாய்க்காலில் வரும் நீர் கூடாது. தரவும் அப்படியே. மிகக் குறைந்த வேகமுள்ள பகுதி எதுவோ, அதுவே உங்களுக்குக் கிடைக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும். அடப்டர் அந்தப் பகுதியாக இருந்தால் மட்டுமே அதை மாற்றுவதில் பயன் உண்டு.

பெட்டியில் உள்ள எண்

வை-பை நியமங்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. 1999 இல் வந்த 802.11பி நியமத்தின் உச்ச வேகம் செக்கனுக்கு 11 மெகாபிற். 2003 இன் 802.11ஜி நியமத்தில் அது 54 ஆயிற்று. 2009 இன் 802.11என் நியமத்தில் ஓர் அன்ரெனா கொண்ட சாதாரண அடப்டர் 72 அல்லது 150 வரை செல்லும். 2013 இன் 802.11ஏசி நியமத்தில் அத்தகைய அடப்டர் 433 வரை செல்லும். இவையெல்லாம் காற்றில் நடக்கும் பரிமாற்றத்தின் உச்ச அளவுகள். ஒரே அலைவரிசையில் உள்ள சாதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே பேச வேண்டும்; ஒவ்வொரு பொதிக்கும் "கிடைத்தது" என்ற பதிலும் திரும்ப வேண்டும். ஆதலால் உண்மையில் கைக்கு வருவது ஏறத்தாழ அரைவாசிதான்.

கடைப் பெட்டியில் "1200" என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையின் 300 ஐயும் 5 கிகாஹேர்ட்ஸ் பட்டையின் 867 ஐயும் கூட்டி, மேல்நோக்கி மட்டந்தட்டிய எண். அடப்டர் ஒரு நேரத்தில் ஒரு பட்டையிலேயே இணையும். கூட்டல் சரி, விளம்பரம்தான் சரியில்லை! அத்துடன் யூஎஸ்பி 2.0 துவாரத்தின் உச்ச வேகம் 480 மெகாபிற். 867 அடப்டரை அதில் செருகினால் அந்தத் துவாரமே ஒடுங்கிய குழாய் ஆகிவிடும்.

இன்னொன்று. கணினித் திரையில் வை-பை விபரத்தின் கீழ் "72" அல்லது "433" என்று காட்டுவது அடப்டருக்கும் றவுட்டருக்கும் இடையிலான வேகம். அது இணைய வேகமன்று. மாணவர்கள் அதிகம் குழம்புவது இவ்விடத்தில்தான்.

இரண்டு வீடுகள்

முதல் வீட்டில் செப்புக் கம்பி இணைப்பு. கிடைப்பது 8 மெகாபிற். மடிகணினியில் 802.11என் அடப்டர் உள்ளது, அதன் நடைமுறை வேகம் 35 அளவில் இருக்கும். இதை 433 அடப்டராக மாற்றினால் என்ன நடக்கும்? திரையில் எண் பெரிதாகும். வினாத்தாள் இறங்கும் நேரம் மாறாது. 15 மெகாபைற் கோப்பு என்றால் 15 × 8 = 120 மெகாபிற்; 120 ÷ 8 = 15 செக்கன். முன்பும் 15, பின்பும் 15.

இரண்டாவது வீட்டில் ஒளியியல் நார் இணைப்பு, 100 மெகாபிற். மடிகணினி பழையது, 802.11ஜி அடப்டர், நடைமுறையில் 20 தான் தருகிறது. அதே கோப்பு 120 ÷ 20 = 6 செக்கன் எடுக்கும். றவுட்டரும் 802.11ஏசி வகையாக இருந்தால், புதிய அடப்டருடன் அது 2 செக்கனுக்குள் இறங்கலாம். இங்கு செலவுக்குப் பயன் உண்டு. ஆனால் றவுட்டர் பழையதாக இருந்தால் இரு சாதனங்களும் தமக்குப் பொதுவான நியமத்திலேயே பேசும். புதிய அடப்டர் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும்.

கணக்குச் செய்யும்போது பிற்றையும் பைற்றையும் மாற்றிவிடாதீர்கள். 8 பிற் = 1 பைற். 20 மெகாபிற் இணைப்பில் கோப்பு செக்கனுக்கு 2.5 மெகாபைற் வீதம் இறங்குவது குறைபாடன்று.

வாங்குமுன் அளந்து பாருங்கள்

றவுட்டரையும் கணினியையும் ஈதர்நெற் வடத்தால் இணைத்து வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வடத்தைக் கழற்றி, றவுட்டருக்கு அருகிலேயே இருந்து வை-பையில் அளவுங்கள். பின்னர் நீங்கள் படிக்கும் அறையில் அளவுங்கள். வீட்டில் வேறெவரும் படம் பார்க்காத நேரமாக இருக்கட்டும். வடத்திலேயே வேகம் குறைவு என்றால் குறை அடப்டரில் இல்லை. பொதியின் ஒதுக்கீடு முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கலாம், அல்லது மாலை நேர நெரிசலாக இருக்கலாம். 4ஜி றவுட்டர் என்றால் அதை யன்னலோரம் நகர்த்திப் பாருங்கள். செலவில்லாத மருந்து அதுவே. வடத்தில் நல்ல வேகம், அருகில் வை-பையில் குறைவு என்றால் அடப்டரை அல்லது றவுட்டரின் வை-பையைச் சந்தேகிக்கலாம். அருகில் நன்றாக இருந்து அறையில் மட்டும் விழுந்தால் சுவரும் தூரமும் காரணம். கொங்கிறீற்றுத் தட்டும் இரும்பு அலுமாரியும் அலையை நன்றாகத் தடுக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கடப்பதில் 2.4 ஐவிடப் பலவீனமானது. வெளி அன்ரெனா உள்ள அடப்டர் இங்கு ஓரளவு உதவும். அதற்குமுன் றவுட்டரை அலுமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்து உயரமான இடத்தில் வையுங்கள்.

பயிற்சி

ஒரு வீட்டில் எடுத்த அளவீடுகள், மெகாபிற்/செக்கனில்: வடத்தில் 94, றவுட்டருக்கு அருகில் வை-பையில் 38, அறையில் 30. றவுட்டர் 802.11ஏசி வகை, அடப்டர் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும் கொண்ட 802.11என் வகை. அடப்டரை மாற்றலாமா?

விடை: மாற்றலாம். வடத்தில் 94 கிடைப்பதால் இணைப்பில் குறையில்லை. றவுட்டருக்கு அருகிலேயே 38 ஆகக் குறைவதால் தூரமும் காரணமன்று. றவுட்டர் புதிய நியமத்தை ஆதரிப்பதால் மட்டுப்படுத்துவது அடப்டரே. "வேகம் கூடும்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பகுதி மட்டுப்படுத்துகிறது என்பதை எண்ணுடன் காட்ட வேண்டும்.

இனி நீங்கள் செய்யுங்கள். இன்னொரு வீட்டில் வடத்தில் 30, அருகில் 30, அறையில் 4. அந்த வீட்டு மாணவி அடப்டர் வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கிறாள். அவளுக்கு நீங்கள் கூறும் ஆலோசனையை நான்கு வரிகளில் காரணத்துடன் எழுதுக.