எரிந்த சுருளை மறுபடியும் எழுதியவன்

கர்த்தருக்குள் பிரியமான மருமகனுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இரவு ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லாமல் உன் தாயார் எழுந்திருப்பதில்லை.

உன் நீண்ட கடிதம் வந்து சேர்ந்தது. சென்னையில் நீ சேர்ந்திருக்கும் சபையார் கமிட்டித் தேர்தல் வந்தால் ஆலய வளாகத்திலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்களென்றும், காணிக்கைக் கணக்கைப் பற்றிய வழக்கு நீதிமன்றத்தில் கிடக்கிறதென்றும், ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் உடுப்பைக் காட்டவும் சம்பந்தம் பேசவும் வருகிறார்களென்றும், ஆபீஸில் உன்னோடு வேலை பார்க்கும் படித்தவர்களோ கடவுள் என்ற பேச்சையே பழங்கதை என்று நகைக்கிறார்களென்றும் விஸ்தாரமாக எழுதி, இந்தக் காலத்தில் பக்தியாயிருப்பது சாத்தியந்தானா என்று கேட்டு, முடிவில் ஒரே வரியில், சில மாதங்களாகத் திருவிருந்துக்குப் போவதை நிறுத்திவிட்டதாகவும் தெரிவித்திருக்கிறாய். பக்கம் பக்கமாக இருந்ததெல்லாம் மற்றவர்களைப் பற்றியது. உன்னைப் பற்றி இருந்தது அந்த ஒரு வரிதான். நான் பதில் எழுதுவதும் அந்த ஒரு வரிக்கே.

காலம் கெட்டிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், நகைக்கிறவர்களால் எந்தச் சபையும் கெட்டதாக நான் அறியேன். வேதத்தில் பக்தி மிகக் குன்றிய காலம் எது என்று என்னைக் கேட்டால், யூதா தேசத்தின் கடைசி நாற்பது ஆண்டுகளைத்தான் சொல்வேன். அக்காலத்தில் நாத்திகம் பேசியவன் ஒருவனையும் எரேமியா தீர்க்கதரிசியின் புஸ்தகத்தில் நான் கண்டதில்லை. ஆலயம் நிறைந்திருந்தது, பலிபீடத்தில் அக்கினி அவியவில்லை, ஆசாரியருக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் குறைவே இல்லை. அந்த நிறைவுக்குள்ளேதான் அழிவு இருந்தது.

யோசியா ராஜா தன் ஆட்சியின் 18-ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 622-ஐ ஒட்டி, தேவாலயத்தைப் பழுதுபார்க்கக் கட்டளையிட்டபோது, பிரதான ஆசாரியனாகிய இல்க்கியா நியாயப்பிரமாண புஸ்தகத்தை அந்த ஆலயத்திலேயே கண்டெடுத்தான் என்பதை நீ ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்திருப்பாய். எந்தப் புஸ்தகத்தின்பேரில் அந்த ஆராதனை முழுவதும் நின்றதோ அந்தப் புஸ்தகம் ஆராதனை நடந்துகொண்டிருந்த இடத்திலேயே காணாமற்போயிருந்தது. அது காணாமற்போனதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சம்பிரதியாகிய சாப்பான் அதை வாசிக்கக் கேட்ட ராஜா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு, உல்தாள் என்னும் தீர்க்கதரிசினியிடத்தில் ஆளனுப்பி விசாரித்து, தேசமெங்கும் விக்கிரக மேடைகளை இடித்து, அதுவரை காணாத சிறப்போடு பஸ்காவை ஆசரித்தான். இத்தனை பெரிய சீர்திருத்தம் என்னவாயிற்று? கி.மு. 609-இல் மெகிதோவில் பார்வோன் நேகோவின் சேனைக்கு முன் அவன் மடிந்தான். அவனோடு அந்தச் சீர்திருத்தமும் மடிந்தது. ராஜாவின் கட்டளைக்குப் பணிந்து இடித்தவர்கள், ராஜா போனதும் மறுபடி கட்டிக்கொண்டார்கள். கன்வென்ஷன் பந்தலைப் பிரித்த மறுவாரமே பழைய பகையைத் தொடங்குகிற நம்மவரைப் பார்த்துப் பழகிய எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

அவனுக்குப்பின் சிறிது காலத்தில் சிங்காசனம் ஏறிய அவன் மகன் யோயாக்கீம், எகிப்துக்குக் கப்பங்கட்டித் தேசம் இளைத்திருந்த நாளிலே, விசாலமான மேலறைகளும் பெரிய பலகணிகளும் வைத்து, கேதுருப் பலகைகளால் மச்சுப்பாவி, சிவப்புச் சாயம் பூசி அரண்மனை கட்டிக்கொண்டான். வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா அவனைக் கண்டித்தபோது, எத்தனை பலியிட்டாய் என்று கேட்கவில்லை. உன் தகப்பன் ஏழையின் வழக்கை நியாயமாய் விசாரித்தானே, தேவனை அறிவதென்பது அதுவல்லவா என்ற கருத்தில்தான் கேட்டார். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம், பக்தி குன்றிவிட்டது என்று புலம்புகிற நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவளின் மாதச் சம்பளம் எந்தத் தேதியில் கொடுக்கப்படுகிறது என்று விசாரிக்கத் தோன்றும். நீயும் விசாரித்துக்கொள்.

எரேமியா பட்டதை நீ அறிவாய். சொந்த ஊராகிய ஆனதோத்தார் அவர் பிராணனை வாங்கப் பார்த்தார்கள். ஆலயப் பிராகாரத்தில் நின்று, இந்த ஆலயமும் சீலோவைப்போலப் பாழாகும் என்று அவர் சொன்னபோது, சாகவேண்டும் என்று முதலில் கூச்சலிட்டவர்கள் ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும். இருபத்துமூன்று வருஷம் ஓயாமல் பேசியும் நீங்கள் கேட்கவில்லை என்று அவரே ஜனங்களிடம் சொல்லும்படி ஆயிற்று. அவருக்கு மனம் கசந்ததுண்டு. தான் பிறந்த நாளைச் சபித்தார். வனாந்தரத்தில் ஒரு சத்திரம் கிடைத்தால் என் ஜனத்தை விட்டுப் போய்விடுவேனே என்று ஏங்கினார். கர்த்தரே தம்மை ஏமாற்றிவிட்டதாகவும் முறையிட்டார். ஆனால் அந்த முறையீடு போன திசையைப் பார். கசப்பையெல்லாம் கர்த்தரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். ஜனங்களை விட்டுப் போகவில்லை. கி.மு. 586-இல் (ஓராண்டு முன்னரே என்பாரும் உண்டு) எருசலேம் எரிந்து விழுந்தபின், பாபிலோன் தளகர்த்தனாகிய நேபுசராதான் அவருடைய விலங்குகளைக் கழற்றி, என்னோடு பாபிலோனுக்கு வந்தால் உன்னை நன்றாய்ப் பராமரிப்பேன் என்றபோதும், அவர் மிஸ்பாவில் மிஞ்சியிருந்த ஏழை ஜனத்தோடு தங்குவதையே தெரிந்துகொண்டார். நம்மில் அநேகர் இதற்கு நேர்மாறு: கர்த்தரிடத்தில் வாய் திறப்பதில்லை, காப்பி கிளப்பில் உட்கார்ந்து சபையைப் பற்றி மணிக்கணக்காய்ப் பேசுகிறோம், பிறகு சபையை விட்டும் போகிறோம். நீ கர்த்தரிடம் சண்டை போடு. அதில் அவருக்குக் கோபமில்லை. ஆனால் பந்தியை விட்டு எழுந்து போகாதே.

எரேமியாவைப்போல இருக்க நம்மால் ஆகுமா என்பாய். ஆகாதுதான். ஆகையால் அவருக்குப் பக்கத்தில் நின்ற பாருக்கைப் பார். அவன் சாமானியனல்ல, எழுத்து வல்லவன், நல்ல குடும்பத்தான், அவன் சகோதரன் செராயா பிற்பாடு சிதேக்கியா ராஜாவோடு பாபிலோனுக்குப் பிரயாணம் போகுமளவுக்கு உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தான். அப்படிப்பட்டவன், ஆலயத்துக்குள் போகத் தடை செய்யப்பட்டிருந்த ஒரு தீர்க்கதரிசியின் வாய்மொழியைச் சுருளில் எழுதி, உபவாச நாளில் கூடியிருந்த ஜனங்கள் கேட்க வாசித்தான். பிரபுக்கள் அழைத்து மறுபடி வாசிக்கச் சொல்ல, அவர்களுக்கும் வாசித்தான். அவர்களோ பயந்துபோய், நீயும் எரேமியாவும் ஒளிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, செய்தியை ராஜாவிடம் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் மாதத்தின் குளிர். ராஜா குளிர்கால மாளிகையில் கணப்புக்கு முன் உட்கார்ந்திருந்தான். யெகுதி என்பவன் மூன்று நான்கு பத்தி வாசிப்பான். வாசித்ததைச் சூரிக்கத்தியால் அறுத்துத் தீயில் போடுவார்கள். இப்படியே சுருள் முழுவதும் வெந்தது. தகப்பன் தேவ வார்த்தையைக் கேட்டு வஸ்திரத்தைக் கிழித்தான். மகன் அந்த வார்த்தையையே கிழித்தான். இரண்டுக்கும் நடுவே இருபது வருஷத்துக்கு மேல் இல்லை.

உன்னைப்போன்ற வாலிபனுக்கு நான் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்து நடந்ததையே. வானத்திலிருந்து அக்கினி இறங்கி ராஜாவைப் பட்சிக்கவில்லை. ஜனங்கள் வெகுண்டெழவும் இல்லை. பாருக் வேறொரு சுருளை எடுத்துக்கொண்டு, எரேமியா சொல்லச் சொல்ல, எரிந்துபோன வார்த்தைகளையெல்லாம் மறுபடியும் மையினால் எழுதினான். முன்னில்லாத வார்த்தைகளும் அதில் சேர்க்கப்பட்டன. அவ்வளவுதான். அதற்கு முன்னமோ பின்னமோ அவன் மனம் இளைத்துப் பெருமூச்சு விட்டபோது கர்த்தர் அவனுக்குச் சொல்லியனுப்பியதில், நீ எதிர்பார்ப்பதுபோல ஆறுதல் அதிகம் இல்லை: நான் கட்டினதையே நான் இடிக்கிற காலத்தில் நீ உனக்கென்று பெரிய காரியங்களைத் தேடாதே, நீ போகும் இடமெல்லாம் உன் பிராணனை உனக்குத் தருவேன் என்பதே அதன் சாரம். உன் கடிதத்தில் அங்கலாய்ப்பின் அடியில் ஒரு பெரிய ஆசை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சபை முழுவதும் திருந்தவேண்டும், அது உன் கண் முன் நடக்கவேண்டும், அதில் உனக்கும் ஓர் இடம் இருக்கவேண்டும் என்பது நல்ல ஆசைதான். பாருக்குடைய ஆசையும் கெட்ட ஆசையாக இருந்திராது. ஆனால் அப்படிப்பட்ட நாட்களில் நமக்குக் கொடுக்கப்படுகிற வேலை, எரிந்ததைத் திரும்ப எழுதுவது.

இன்னொரு குடும்பத்தையும் கவனி. நீ உத்தியோகத்தில் இருக்கிறபடியால் சொல்கிறேன். யோசியாவுக்குப் புஸ்தகத்தை வாசித்த சாப்பான் அரண்மனை உத்தியோகஸ்தன். அவன் மகன் அகீக்காம் எரேமியாவைக் கொலைக்குத் தப்புவித்தான். இன்னொரு மகன் கெமரியாவின் அறையில் நின்றுதான் பாருக் சுருளை வாசித்தான். அதை எரிக்கவேண்டாம் என்று ராஜாவைக் கெஞ்சின மூவரில் கெமரியாவும் ஒருவன். சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின நிருபத்தைப் பாபிலோனுக்குக் கொண்டுபோன இருவரில் ஒருவனும் சாப்பானின் மகன் என்றே சொல்லியிருக்கிறது. மிஸ்பாவில் எரேமியா அடைக்கலம் புகுந்த கெதலியா, அகீக்காமின் மகன். இவர்களில் ஒருவரும் பிரசங்கி அல்லர். அறையைத் திறந்துவிட்டார்கள், கடிதம் சுமந்தார்கள், தக்க வேளையில் ஒரு வார்த்தை பேசினார்கள். எசேக்கியேல் தரிசனத்தில் விக்கிரகங்களுக்குத் தூபங்காட்டி நின்ற யசனியாவும் சாப்பானின் குமாரன் என்றே எழுதப்பட்டிருக்கிறது. அவன் இதே வீட்டுப் பிள்ளையானால், பக்தியுள்ள வீட்டில் பிறந்தது மட்டும் ஒருவனையும் காப்பதில்லை என்பதும் விளங்கும்.

அரண்மனையில் ஊழியஞ்செய்த எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியனை மட்டும் சொல்லி இதை நிறுத்துகிறேன். துரவின் உளையில் அமிழ்ந்து கிடந்த எரேமியாவைத் தூக்கியெடுக்க, சிதேக்கியா ராஜாவிடம் துணிந்து உத்தரவு பெற்றவன் அவன். கயிற்றோடு கந்தைத் துணிகளையும் கீழே விட்டு, கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளும் என்றான். யூதாவின் பெரியவர்களுக்கு இல்லாத இரக்கம் அந்நியனுக்கு இருந்தது. அந்த இரக்கம் கந்தைத் துணியைத் தேடி எடுக்குமளவுக்கு ஜாக்கிரதையுள்ளதாகவும் இருந்தது.

நம் திருநெல்வேலிச் சபையும் சத்திய யுகத்தில் பிறந்ததென்று எண்ணாதே. தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த பிராமணக் கைம்பெண்ணாகிய குளோரிந்தா அம்மாள், ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு விவாகமின்றி வாழ்ந்ததினால் மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயரால் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டு, அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல்தான் அதைப் பெற்றாள். பட்டாளமும் துரைமாரும் நிறைந்த பாளையங்கோட்டையில் பக்திக்கு எத்தனை இடம் இருந்திருக்கும் என்று நீயே யோசி. 1780-இல் எழுதின சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். மறுக்கப்பட்டதற்காகக் கோபித்துக்கொண்டு போகாத அந்த அம்மாள் 1785-இல் கட்டின கோவிலைத்தான் நம்மவர்கள் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்கிறார்கள்.

இனி நீ செய்யவேண்டியது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதினபோது, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்யுங்கள், நீங்கள் வாழும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றுதான் எழுதினார். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற பொய்ப் பிரசங்கிகளை நம்பாமல் எழுபது வருஷத்துக்கு ஆயத்தப்படச் சொன்னார். நீயும் நீண்ட காலத்துக்கு ஆயத்தப்படு. வருகிற ஞாயிறு திருவிருந்துக்குப் போ. பக்கத்தில் முழங்காற்படியிடுகிறவன் வழக்காடுகிறவனாயிருந்தால் இருக்கட்டும். அந்தப் பந்தி அவனுடையதும் அல்ல, உன்னுடையதும் அல்ல. காலையில் ஆபீஸுக்குப் புறப்படுமுன் ஓர் அதிகாரம் வாசிக்கும் வழக்கம் நின்றுவிட்டதென்றால், துக்கப்பட்டுக்கொண்டிராமல் நாளைக்குத் தொடங்கு. நகைக்கிற நண்பர்களோடு தர்க்கம் வேண்டாம். அவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுபோ.

கமிட்டித் தேர்தலில் நிற்கும்படி இரண்டு கட்சியாரும் உன்னைக் கேட்டதாக உன் தாயார் மூலம் அறிந்தேன். என் அபிப்பிராயம், எந்தக் கட்சியின் பட்டியலிலும் உன் பெயர் வரவேண்டாம். ஆனால் யார் ஜெயித்தாலும், கணக்கு எழுத ஆள் வேண்டுமென்று கேட்டால் மறுக்காதே; காசுக்குக் காசு சரியாக எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் காட்டு. சிறு பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியர் இல்லை என்று உங்கள் ஐயர் இரண்டு முறை அறிவித்ததாக முந்தின கடிதத்தில் நீயே எழுதியிருந்தாய். அவரைப் போய்ப் பார்.

அசனப் பண்டிகைக்கு லீவு கிடைக்குமா என்று முன்னதாகவே தெரிவி, அரிசிக்குச் சொல்லவேண்டும். உன் தாயாருக்குக் கண் பார்வை குறைந்து வருகிறது, உன் கடிதத்தைப் பிறர் வாசித்துக் காட்டுவதில் அவளுக்குத் திருப்தியில்லை. ஆகையால் அடுத்த கடிதத்தைச் சற்றுப் பெரிய எழுத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் மாமா