தெளிப்பவர் தம்மைத் தாமே காண: கைத்தெளிப்பானும் கைபேசிப் படமும்

களைக்கொல்லி தெளித்த வயலைப் பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் சில இடங்களில் புல் வரிவரியாக நிற்பதையும், வேறு சில இடங்களில் பயிரே மஞ்சளித்துக் குன்றியிருப்பதையும் உழவர்கள் பலர் கண்டிருப்பீர்கள். மருந்து போலி, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு எழும். அப்படியும் நேர்வதுண்டு. ஆனால் ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய மருந்து ஒரு வரியில் குறைந்தும் அடுத்த வரியில் கூடியும் விழுந்திருக்குமானால், காரணத்தை முதலில் தெளித்தவரின் காலிலும் கையிலும் தேட வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். களைக்கொல்லிக்கான விசிறி நாசில் ஒரு நிமிடத்தில் ஒன்றரை லிட்டர் நீரை வெளிவிடுகிறது. தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் பிடித்தால் ஒரு மீட்டர் அகலம் நனைகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 30 மீட்டர் நடந்தால் 30 சதுர மீட்டருக்கு ஒன்றரை லிட்டர். ஏக்கருக்கு, அதாவது சுமார் 4000 சதுர மீட்டருக்கு, 200 லிட்டர். 16 லிட்டர் தொட்டியாயின் பன்னிரண்டரைத் தொட்டி. மருந்தையும் அந்தக் கணக்குப்படியே பங்கிட்டு ஊற்றுகிறோம். அதே ஆள் நிமிடத்திற்கு 40 மீட்டர் நடந்தால் ஏக்கருக்கு 150 லிட்டர்தான் விழும். மருந்து கால் பங்கு குறைவு. களைத்துப்போய் 24 மீட்டராகக் குறைந்தால் 250 லிட்டர்; மருந்து கால் பங்கு அதிகம். காலை முதல் தொட்டியில் விறுவிறுப்பாக நடந்து, பத்தாவது தொட்டியில் கால் தளர்ந்து நடப்பவரின் வயலில் ஒரு கோடியில் புல் சாகாமலும், மறுகோடியில் பயிர் கருகியும் காணப்படுவதில் வியப்பில்லை.

உயரமும் அப்படியே. கை தளர்ந்து நாசில் 40 செ.மீ. உயரத்திற்கு இறங்கினால் நனையும் அகலம் 80 செ.மீ. ஆகிவிடும். நாம் ஒரு மீட்டர் தள்ளித்தான் அடுத்த வரி நடக்கிறோம். இடையில் 20 செ.மீ. பட்டை மருந்தே படாமல் நிற்கும். வரிவரியாகப் புல் நிற்பதன் மருமம் பெரும்பாலும் இதுதான்.

தெளிப்பவருக்கே ஏன் தெரிவதில்லை?

நம் உடல் எப்படி இருக்கிறது என்பதை மூட்டுகளும் தசைகளும் மூளைக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன. கண்ணை மூடினாலும் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிவது இதனால்தான். ஆனால் பல ஆண்டு ஒரே மாதிரி செய்த வேலையில், பழகிய நிலையே சரியான நிலையாகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. கூனி நடப்பவருக்குத் தாம் நிமிர்ந்து நடப்பதாகவே தோன்றும். அதிலும் களைப்பு மெல்ல மெல்ல ஏறுவது. நேற்றைய நடைக்கும் இன்றைய நடைக்கும் உள்ள வேறுபாட்டை உணரலாம், முதல் தொட்டிக்கும் பத்தாவது தொட்டிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வது கடினம். அருகிலிருப்பவர், "கையைத் தூக்குங்க அண்ணே" என்றால், "தூக்கித்தானே இருக்கு" என்று பதில் வரும். இருவரும் உண்மையே பேசுகிறார்கள்.

கண்ணுக்கு எட்டாத அசைவைப் படம் காட்டிக்கொடுக்கும் என்பது பழைய செய்தி. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்ற கேள்விக்கு, 1878இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்னும் புகைப்படக்காரர் வரிசையாக நிறுத்திய காமிராக்களால் விடை கண்டார். எழத்தான் செய்கின்றன. பின்னர் அதே நாட்டில் கில்பிரெத் என்பவர் தொழிலாளரின் வேலையைச் சினிமாப் படமெடுத்து ஆராய்ந்தார். அதற்கு முன்பே அவர் கொத்தனார்கள் செங்கல் வைக்கும் முறையைக் கவனித்து, ஒரு செங்கல்லுக்கு 18 அசைவுகளாக இருந்ததை ஐந்தாகக் குறைத்தவர். அவர் செய்த மாற்றங்களில் நமக்கு முக்கியமானது ஒன்று: கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் தரைவரை குனியாதபடி, கற்களைச் சாரத்தின் மேல் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் செய்தார். இதற்குப் பின்னால் வருவோம். அன்று பெருஞ்செலவில் செய்த ஆராய்ச்சியை இன்று கைபேசி வைத்திருக்கும் எந்த உழவரும் செலவின்றிச் செய்யலாம்.

படம் எடுக்கும் முறை

முதல் விதி, வெறும் நீரில் செய்வது. தெளிப்பானை மூன்று முறை நன்கு கழுவி, அந்த நீரை வாய்க்காலில் விடாமல் தரிசு நிலத்தில் ஊற்றிவிட்டு, பிறகு புது நீர் நிரப்புங்கள். முன்பு 2,4-டி களைக்கொல்லிக்குப் பயன்பட்ட தெளிப்பானைப் பருத்தி, தக்காளி, திராட்சை வயல் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அதன் மிச்சம் மீதியும் அப்பயிர்களுக்கு ஆகாது. உண்மையாக மருந்து தெளிக்கும்போது படமெடுக்க ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துவது அறவே கூடாது.

காய்ந்த மண் உள்ள இடத்தில் பத்து மீட்டர் இடைவெளியில் இரு குச்சிகளை நட்டு, அந்தக் கோட்டிலேயே நடக்க வேண்டும். தரையிலிருந்து 25, 50, 75 செ.மீ. உயரங்களில் சுண்ணாம்பு அடையாளமிட்ட ஒரு கம்பை நடுவில் அதே கோட்டை ஒட்டி நடுங்கள். கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில், கைபேசியைக் கிடைமட்டமாக ஒரு கம்பில் கட்டிவிடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து எடுக்கும் படம் கல்யாண வீட்டுக்கு உதவும், அளவெடுக்க உதவாது. மிக அருகிலிருந்தோ, கோணலாகவோ எடுத்தாலும் உயரம் பொய்யாகத் தெரியும்.

பக்கவாட்டில் ஒன்று, பின்புறமிருந்து ஒன்று என இரு படங்கள் போதும். ஆனால் நிறை தொட்டியைச் சுமந்து ஓய்ந்த காலோடு எடுங்கள். இளைப்பாறி வந்து எடுத்தால் நல்ல நடைதான் பதியும். சேற்று வயலில் தெளிப்பவர்கள் வேகத்தைச் சேற்றிலும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்; களத்துமேட்டு நடை வேறு, சேற்று நடை வேறு.

படத்தில் எதைப் பார்ப்பது?

பார்ப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். "நாசில் எந்த உயரத்தில் இருந்தது? பத்து மீட்டரை எத்தனை நொடியில் நடந்தேன்?" என்று உங்கள் ஊகத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு படத்தைப் பாருங்கள். ஊகத்திற்கும் படத்திற்கும் உள்ள இடைவெளிதான் பாடம். ஊகிக்காமல் பார்ப்பது சினிமா பார்ப்பது போலத்தான்.

முதல் குச்சியிலிருந்து இரண்டாம் குச்சிவரை ஆன நேரத்தைப் படத்தின் ஓரத்திலுள்ள நொடிக் கணக்கே காட்டும். 20 நொடி ஆனால் நிமிடத்திற்கு 30 மீட்டர். 15 நொடி ஆனால் 40 மீட்டர். அடுத்து, அளவுக் கம்பைக் கடக்கும் தருணத்தில் படத்தை நிறுத்தி நாசிலின் உயரத்தைப் பாருங்கள். கைநெம்பு உள்ள தெளிப்பானாயின், அந்தப் பத்து மீட்டரில் எத்தனை முறை நெம்பினீர்கள் என எண்ணுங்கள். முதல் நடையில் எட்டும் கடைசி நடையில் ஐந்துமாக இருந்தால் அழுத்தம் குறைந்து, நாசில் விடும் நீரும் குறைந்திருக்கும். மின்கலத் தெளிப்பானில் இத்தொல்லை இல்லை. மின்னேற்றம் குறைந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பின்புறப் படம் கையசைப்பைக் காட்டும். பூச்சிமருந்து தெளித்துப் பழகிய கை களைக்கொல்லிக்கும் இடவலமாக வீசும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால், வீச்சின் இரு முனைகளிலும் நாசில் மேலெழுவதும், நனைந்த தரை பாம்பு போல் வளைந்து கிடப்பதும் தெரியும். களைக்கொல்லிக்குக் குழலை அசைக்காமல் பிடித்து நேராக நடக்க வேண்டும் என்று எத்தனை கூட்டங்களில் சொன்னாலும் ஏறாதது, இந்த ஒரு படத்தில் ஏறிவிடுகிறது என்பது என் கருத்து. இளங்காலை வெயில் தெளிப்பவருக்கு அப்பால் சற்று ஒதுங்கியும், பின்னணியில் இருண்ட வேலியும் இருக்குமாறு எடுத்தால், நுண்துளிகள் மினுங்கி எங்கே பறக்கின்றன என்பதும் தெரியும். அவை தம் முழங்காலிலும் முகத்திலும் வந்து படிவதைக் கண்டவர், காற்றுக்கு எதிராக நடப்பதை விட்டுவிடுவார்.

குறைகள் நான்கு தெரிந்தாலும் ஒரு நாளில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். வேகத்திற்கு எளிய வழி, அரை மீட்டர் அடியாக நொடிக்கு ஓர் அடி வைப்பது. மனத்திற்குள் எண்ணிக்கொண்டே நடந்தால் பிடிபட்டுவிடும். உயரத்திற்கு, 50 செ.மீ. நூலில் சிறு கல் கட்டி நாசிலுக்குச் சற்று மேலே தொங்கவிட்டுச் சில நடைகள் பழகலாம். ஒவ்வொரு நடைக்கும் படத்தைப் பார்த்தால் கை படத்தையே நம்பியிருக்கும். ஐந்து நடைக்கு ஒருமுறை பார்த்தால் உடல் தானே உணரப் பழகும்.

தொட்டியைத் தூக்குவதையும் எடுங்கள்

நிறைந்த தொட்டி இருபது கிலோவுக்குக் குறையாது. அதைத் தரையிலிருந்து ஒரு கையால் தூக்கி, இடுப்பைத் திருகி, ஒரு தோளில் வீசி மாட்டுவது நம் வழக்கம். ஏக்கருக்குப் பன்னிரண்டு முறை இது நடக்கிறது. பக்கவாட்டுப் படத்தில் நடுமுதுகு வில்லாக வளைந்து, அந்த நிலையிலேயே திரும்புவதைப் பார்த்தால், மாலையில் ஏன் இடுப்பு பிடிக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இங்கேதான் கில்பிரெத்தின் சாரம் உதவுகிறது. இடுப்பளவு உயரமுள்ள மேடை, தொட்டிச் சுவர், மாட்டுவண்டித் தட்டு ஏதாவதொன்றின் மேல் தெளிப்பானை வைத்து, அங்கேயே நீர் நிரப்பி, முதுகைக் காட்டி நின்று இரு வார்களையும் மாட்டி, காலால் எழ வேண்டும். வார்கள் ஒரே நீளமாக, தொட்டி முதுகோடு ஒட்டியிருக்கட்டும்.

கோனோ களைக்கருவி தள்ளுவது, அரிவாள் பிடிப்பது, மூட்டை ஏற்றுவது ஆகியவற்றையும் இம்முறையில் பார்க்கலாம்.

கூலிக்குத் தெளிக்க வருபவரை அவர் அறியாமல் படமெடுப்பது முறையன்று. அவரிடம் கேட்டு, எடுத்த படத்தை அவரிடமே முதலில் காட்டுங்கள். குறையை அவரே சொல்லட்டும். ஊர் பார்க்கும் குழுக்களில் அதை அனுப்பவும் வேண்டாம். முடிந்தால் நில உரிமையாளரும் தொட்டியைச் சுமந்து ஒரு நடை நடந்து, தம் படத்தையும் அவரிடம் காட்டுவது நல்லது. படங்களில் தேதியைக் குறித்து அடுத்த பருவம்வரை அழிக்காமல் வைத்திருங்கள். நாசில் தேய்ந்திருக்கலாமாதலால், அடுத்த பருவத்தில் வயலில் இறங்குமுன் வாளியில் ஒரு நிமிடம் பிடித்து அளந்து, ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தால் புதிது மாற்றிவிட்டு மறுபடியும் ஒரு நடை எடுத்துப் பாருங்கள்.