ஒரு ஹெடர், மூன்று ஃபேன்

கேபினெட்டில் ஆறு ஃபேன் மாட்ட இடம் இருக்கும். மதர்போர்டில் அவற்றைச் செருக இரண்டோ மூன்றோ ஹெடர்தான் இருக்கும். விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் இதுதான் நிலை. என் அக்கா மகன் இந்தச் சிக்கலோடு ஒரு கடைக்குப் போனான். “போர்டையே மாற்றிவிடு தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவனுக்குத் தேவைப்பட்டதோ ஒரே ஹெடரில் பல ஃபேன்களைச் செருக உதவும் ஒரு சிறிய ஸ்ப்ளிட்டர் கேபிள் மட்டும். பணத்தைச் சேர்த்துச் சேர்த்துக் கணினி வாங்கும் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்வதைக் கேட்டால் மனம் கொதிக்கிறது.

நம்பிக்கை: ஒரே ஹெடரில் இரண்டு ஃபேன் மாட்டினால் மின்சாரம் பாதியாகப் பிரிந்து இரண்டும் மெதுவாகச் சுற்றும்.

கோயில் திருவிழாவில் கட்டும் பழைய சீரியல் செட்டை வைத்து வந்த பயம் இது. அதில் பல்புகள் தொடராக இணைந்திருக்கும். வோல்ட்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்ப்ளிட்டர் அப்படி இல்லை. வீட்டு ஒயரிங்கைப் போல அது பக்க இணைப்பு. ஹாலில் ஃபேன் ஓடினால் அடுப்படி விளக்கு மங்குவதில்லை அல்லவா? அதேபோல ஒவ்வொரு ஃபேனுக்கும் முழு 12 வோல்ட் கிடைக்கும். கூடுவது கரன்ட்தான், அதாவது ஆம்பியர்.

உண்மையாகக் கவனிக்க வேண்டிய இடமும் அதுதான். பெரும்பாலான போர்டுகளில் ஒரு ஃபேன் ஹெடரின் வரம்பு 1 ஆம்பியர், அதாவது 12 வாட். போர்டின் கையேட்டில் இது எழுதியிருக்கும். ஃபேனின் நடுவில் ஒட்டிய ஸ்டிக்கரில் அது இழுக்கும் ஆம்பியர் இருக்கும். சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேன் 0.1 முதல் 0.3 வரை எடுக்கும். நாக்டுவாவின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 எடுப்பது 0.14. அதில் மூன்றைச் சேர்த்தாலும் 0.42தான். ஆனால் ஃபேன் நின்ற நிலையிலிருந்து சுற்றத் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிட அதிகமாக இழுக்கும். அதனால் கூட்டுத்தொகை 0.7 அல்லது 0.8க்கு வந்ததும் நான் நிறுத்திக்கொள்வேன். ஸ்ப்ளிட்டருக்குள் ஸ்ப்ளிட்டர் செருகி ஆறேழு ஃபேனைத் தொங்கவிடுவோரும் உண்டு. அவர்கள் முதலில் ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். சர்வர்களில் வரும் தடித்த ஃபேன்களில் சில தனியாகவே 1 ஆம்பியரைத் தாண்டிவிடும். அவற்றை ஹெடரில் மாட்டவே கூடாது.

நம்பிக்கை: ஸ்ப்ளிட்டரின் ஒரு முனையில் நான்கு கம்பி, மறு முனையில் மூன்றுதான்; இது டூப்ளிகேட்.

இல்லை, சரியாகச் செய்த கேபிளின் அடையாளமே அதுதான். நான்கு கம்பிகளில் ஒன்று எர்த், ஒன்று 12 வோல்ட், ஒன்று வேகத்தைக் கட்டுப்படுத்த, ஒன்று வேகத்தைத் திருப்பிச் சொல்ல. ஃபேன் ஒருமுறை சுற்றினால் இந்தக் கடைசிக் கம்பி வழியே இரண்டு துடிப்புகளை அனுப்பும். போர்டு அதை எண்ணித்தான் ஆர்.பி.எம். காட்டுகிறது. இரண்டு ஃபேன் ஒரே கம்பியில் துடித்தால் கணக்கு குழம்பிவிடும். ஆகவே ஒரு ஃபேன் மட்டும் பேசும்படி மற்றதன் கம்பியை விட்டுவிடுகிறார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. பேசாத ஃபேன் நின்றுபோனால் போர்டுக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். பிராசஸர் கூலரில் இரண்டு ஃபேன் இருந்தால், நான்கு கம்பி முனையை அதன் முக்கிய ஃபேனுக்குக் கொடுங்கள். அந்தக் கூலரைச் செருகிய ஹெடருக்கு வேகத் தகவல் வந்து சேராவிட்டால் பல போர்டுகள் கணினி துவங்கும்போதே ஃபேன் பழுது என்று எச்சரிக்கும்.

நம்பிக்கை: மூன்று பின் ஃபேன் நான்கு பின் ஹெடரில் வேலை செய்யாது.

செய்யும். கட்டுப்பாட்டுக் கம்பி மட்டும் இல்லாமல் போகும், அவ்வளவுதான். பயாஸில் அந்த ஹெடரை டி.சி. முறைக்கு மாற்றினால் வோல்ட்டேஜைக் குறைத்துக் கூட்டி வேகத்தை ஆளலாம். கட்டுப்பாட்டுக் கம்பி வழியே வேகத்தை ஆளும் பி.டபிள்யூ.எம். முறையிலேயே விட்டால் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும். மூன்று பின், நான்கு பின் இரண்டையும் ஒரே ஸ்ப்ளிட்டரில் கலக்காதீர்கள். இரண்டுக்கும் ஒத்துப்போகும் முறையைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நம்பிக்கை: ஹப் என்பது பெரிய ஸ்ப்ளிட்டர்.

ஹப்பில் சாட்டா பவர் கேபிள் செருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஃபேன்களுக்கான மின்சாரம் நேராக எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும், போர்டின் ஹெடர் கட்டளையை மட்டும் தரும். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பக்கம் 4.5 ஆம்பியர் வரை தாங்கும், ஆகவே பத்து ஃபேன் கூடப் பாரமில்லை. அந்த இடம் இல்லாவிட்டால், எத்தனை துளை இருந்தாலும் அது ஸ்ப்ளிட்டர்தான். பழைய 1 ஆம்பியர் கணக்கு அப்படியே பொருந்தும். இரண்டிலும் எல்லா ஃபேனும் ஒரே கட்டளைக்கே சுற்றும். முன்பக்க ஃபேன் மெதுவாகவும் பின்பக்க ஃபேன் வேகமாகவும் ஓட வேண்டுமென்றால் இரண்டு ஹெடர்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

நான் அதிகம் பார்த்த சேதம் ஃபேன் கம்பியால் வந்ததில்லை, விளக்குக் கம்பியால் வந்தது. வண்ண ஃபேன்களில் விளக்குக்கென்று தனிக் கேபிள் வரும். ஏ.ஆர்.ஜி.பி. வகை 5 வோல்ட், மூன்று பின்; பழைய ஆர்.ஜி.பி. வகை 12 வோல்ட், நான்கு பின். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் ஹெடரில் அழுத்திச் செருகினால் எல்.இ.டி. எரிந்துபோகும். ஹெடருக்குப் பக்கத்தில் போர்டிலேயே அச்சிட்டிருக்கும் எழுத்தை, டார்ச் அடித்தாவது படித்துவிட்டுச் செருகுங்கள்.