மீன்குஞ்சை அப்படியே கொட்டாதீங்க!

போன வருஷம் எங்கள் வயல் குட்டையில் 200 மீன்குஞ்சு வாங்கி விட்டோம். உச்சிவெயிலில் பையை அவிழ்த்து நான்தான் கொட்டினேன். மறுநாள் பாதிக்குமேல் செத்து மிதந்தது. அப்பா ஒன்றுமே பேசவில்லை.

காரணம் என்ன? பையிலுள்ள தண்ணீரின் சூடு வேறு, குட்டைத் தண்ணீரின் சூடு வேறு. திடீர் மாற்றத்தைக் குஞ்சு தாங்காது.

சரியான முறை:
1. காலை அல்லது மாலையில்தான் விடணும்.
2. கட்டிய பையை அப்படியே 15-20 நிமிடம் குட்டையில் மிதக்க விடணும்.
3. பிறகு அவிழ்த்து, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கணும்.
4. பையைச் சாய்த்தால் குஞ்சு தானாக நீந்திப் போகும்.

இன்னொன்று: கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரை தேடும். மூன்றையும் கலந்து விட்டால் இரைக்குப் போட்டி குறையும்.

இந்த வருஷம் பையைப் பிடித்தபடி நானே தண்ணீரில் நின்றேன். மறுநாள் ஒன்றுகூட மிதக்கவில்லை!

– 9-ஆம் வகுப்பு மாணவன்