சிறுநீரில் தெரியும் எலும்புத் தேய்மானம்: தாய்மார்கள் அறிய வேண்டியவை



ஒளு செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையான மூதாட்டிகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த எலும்பு ஒரே நாளில் பலமிழக்கவில்லை. வலியோ அறிகுறியோ இல்லாமல் பல ஆண்டுகளாக மெலிந்து வந்திருக்கும். இதை மருத்துவர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பர். முழங்காலில் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு.

"சிறுநீரைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாமா?" என்று சகோதரிகள் சிலர் கேட்கின்றனர். ஓரளவுக்குச் சொல்லலாம். எந்த அளவுக்கு என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிறுநீரில் என்ன தெரியும்?

நம் எலும்பில் பழைய பகுதி கரைவதும் புதியது உருவாவதும் எப்போதும் நடக்கும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கரைவது மிகுந்து, உருவாவது பின்தங்குகிறது. எலும்பின் புரதமான கொலாஜன் உடையும்போது அதன் துணுக்குகள் இரத்தத்தில் கலந்து சிறுநீரில் வெளியேறுகின்றன. என்.டி.எக்ஸ்., டி.பி.டி. என்ற பரிசோதனைகள் இந்தத் துணுக்குகளைத்தான் அளக்கின்றன. வழக்கமாக, ஃபஜ்ருக்கு எழுந்ததும் கழியும் முதல் சிறுநீரை விட்டு, காலையில் இரண்டாவதாகக் கழிவதைக் கொடுக்க வேண்டும். தண்ணீர் குடித்த அளவால் முடிவு மாறாதிருக்க, கிரியாட்டினின் அளவோடு ஒப்பிட்டே கணக்கிடுவர். இப்போது பல மருத்துவர்கள் இதற்குப் பதிலாக, வெறும் வயிற்றில் எடுக்கும் சி.டி.எக்ஸ். இரத்தப் பரிசோதனையைக் கேட்கின்றனர்.

என்ன தெரியாது?

பானையிலிருந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக ஒழுகுகிறது என்பதை இந்தப் பரிசோதனை சொல்லும். பானையில் மீதம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதை அறிய டெக்ஸா ஸ்கேன் வேண்டும். ஆகவே சிறுநீர் முடிவை மட்டும் வைத்து நோய் உண்டென்றோ இல்லையென்றோ முடிவு செய்யக் கூடாது. அண்மையில் எலும்பு முறிந்தவர்களுக்கும் அளவு கூடுதலாகக் காட்டும்.

இதன் பெரிய பயன், சிகிச்சை தொடங்கிய பிறகுதான். மருந்து வேலை செய்கிறதா என்பது ஸ்கேனில் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகும். துணுக்குகளின் அளவு குறைவதோ மூன்று மாதத்திலேயே தெரிந்துவிடும்.

நம் பகுதி நிலை

நமக்கு அருகிலுள்ள திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆய்வு 2007இல் வெளியானது. நகரத்தார், கிராமத்தார் இருவர் உணவிலும் கால்சியம் குறைவு என்று அது கண்டது. வெயிலில் வயல்வேலை செய்வோரிலும் பலருக்கு வைட்டமின் டி போதவில்லை. அப்படியானால், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் பெண்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

செய்ய வேண்டியவை

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி., மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மி.கி. கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி., ஒரு டம்ளர் (200 மி.லி.) பாலில் சுமார் 240 மி.கி. உள்ளது. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் கால்சியம் உடலில் நன்றாகச் சேரும்.

வைட்டமின் டி உருவாகப் பகல் 11 முதல் 2 மணி வரையிலான வெயிலே ஏற்றது. பிறர் பார்வை படாத மாடியிலோ கொல்லையிலோ கை, கால், முகத்தில் சிறிது நேரம் வெயில் பட்டால் நல்லது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் பயன் தராது.

45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், ஆஸ்துமா போன்றவற்றுக்காக நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்கள், சிறிய விழுதலிலேயே எலும்பு முறிந்தவர்கள், கூன் விழுந்து உயரம் குறைந்தவர்கள் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்தப் பரிசோதனை தேவை என்பதை அவரே சொல்லட்டும். முகாமிலோ பரிசோதனைக் கூடத்திலோ சிறுநீரை மட்டும் பார்த்து மாத்திரை கொடுத்தால், வாங்கி உண்ணாதீர்கள்.

இன்றே ஒளு செய்யும் இடத்தில் பாசியைத் தேய்த்துக் கழுவி, ஒரு கைப்பிடி பொருத்துங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.